கூடையின் அடியில் இரண்டு துளைகள்

தம்பி, சனிக்கிழமை காலை, உனக்கு லொறி விற்ற வின்ஸின் வீட்டுக்குப் போய் அவரைக் கள்ளன் என்று முகத்துக்கு நேரே சொல்லப் போகிறாய். அதற்கு முன்னர் இதை வாசி. முழுவதையும் வாசி. "பேந்து பாக்கிறன் அம்மா" என்று மடித்துச் சட்டைப் பையில் வைப்பதும், அது சலவை இயந்திரத்துக்குள் போய்க் கூழாகி வருவதும் உன் வழக்கம். இந்த முறை அப்படிச் செய்தால் ஒரு நல்ல மனிதர் முன்னால் நீ வெட்கப்பட்டு நிற்பாய். லொறியின் கூடையில் துளை போட்டவர் வின்ஸ் அல்ல. நான்.

இனி நீ எழும்பி நின்று கத்துவாய். கத்தி முடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்து வாசி. இதை நான் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், மூன்று நாள் இடைவேளைகளில் எழுதுகிறேன். மேற்பார்வைக்காரி வந்தால் தாளைச் சோற்றுப் பெட்டிக்குள் ஒளிக்கிறேன், வகுப்பில் பிடிபடப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பயம். நேரே சொல்லியிருக்கலாமே என்பாய். நேரே சொல்ல இரண்டு முறை வாய் திறந்தேன். முதல் முறை, "அம்மா, லொறிக் கதை உங்களுக்கு விளங்காது" என்றாய். இரண்டாம் முறை கலர் ரெலிவிஷனில் கிரிக்கெட் போனது. நீயும் உன் அப்பாவும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து "ஸ்" என்றீர்கள். இந்த வீட்டில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கி முற்றுப்புள்ளி வரைக்கும் போய்ச் சேர்ந்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை. எழுத்தில் மட்டும்தான் என்னை யாரும் இடைமறிக்க முடியாது.

அந்த லொறியை வாங்கிய நாளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் கோபமும் அன்றுதான் தொடங்கியது. ஃபுட்ஸ்கிரேயில் வின்ஸின் முற்றத்தில் அது நின்றது. மரம் வெட்டுகிறவர்கள் ஏறி நிற்க நீண்ட கையும், கையின் நுனியில் ஒரு வெள்ளைக் கூடையும் உள்ள லொறி. இங்கே எல்லோரும் செரி பிக்கர் என்கிறார்கள். நான் கூடை லொறி என்றுதான் சொல்வேன். நீயும் உன் கூட்டாளி கிறெக்கும் இறங்கினீர்கள். அப்பா இறங்கினார். நான் இறங்கக் காலை வெளியே வைத்ததும், "அம்மா, நீங்கள் காருக்குள்ளையே இருங்கோ, கால் சேறாகும்" என்றாய். ரயில் நிலையத்தில் ரிக்கற் கிழிக்கிற உன் அப்பா லொறியைச் சுற்றி நடந்து சில்லுகளை உதைத்துப் பார்த்தார். ஆறு வருடமாகக் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் துளையிடும் இயந்திரத்தில் நிற்கிற நான், ஒரு நாளைக்கு நானூறு இரும்புத் துண்டுக்குத் துளை போட்டு, திருகாணி இறுக்கி, அளவு பார்த்து அனுப்புகிற நான், கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது, எண்ணெய்க் குழாய்களில் ஒன்று வெடித்துக் காய்ந்திருக்கிறது என்று. யாரிடம் சொல்ல? கண்ணாடியைத் தட்டினேன். நீ கை காட்டினாய், "இந்தா வாறம்" என்று.

ஆனால் ஒன்றை நான் பார்த்தேன், அது இப்போது உனக்கு மறந்துவிட்டது. வின்ஸ் கூடையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். உள்ளே விரித்திருந்த ரப்பர் விரிப்பை வெளியே எடுத்துப் போட்டார். தோள் உடைந்து தொழிலை விட்ட மனிதர், நல்ல கையால் உன் முதுகைப் பிடித்துக் குனியவைத்து அடிப்பக்கத்தைக் காட்டினார். நீ நிலத்தில் மல்லாந்து படுத்து, டோர்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து நீயே சொன்னாய்: "அந்தாள் நேர்மையான ஆள் அம்மா. குறை இருந்தாக் கண்டுபிடி எண்டு என்னையே படுக்க வைச்சுப் பாக்கவிட்டவர்." இது உன் வாயால் வந்த வார்த்தை. இப்போது கேட்டால், "பெயின்ற் அடிச்சு மறைச்சிருப்பான்" என்கிறாய். உனக்குக் கோபம் வந்தால் உன் கண்ணால் கண்டதையே நீ நம்ப மாட்டாய். இது என்னிடமிருந்து வந்த குணமில்லை.

என்னிடமிருந்து வந்த குணம் வேறு. மறைப்பது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நீ பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டுக் கயிறும் மரம் அறுக்கிற வாளும் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறப் போனபோது, நான் ஒரு வருடத்துக்கும் மேலாக எல்லோரிடமும் "அவன் எஞ்சினியரிங் படிக்கிறான்" என்று சொல்லித் திரிந்தேன். மெல்போர்னில் அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். மாதத்தில் ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சாமி கும்பிட்டுச் சாப்பிடுவோம். அங்கே ஒரு அன்ரி கேட்டா, "உங்கட மகன் இந்த வருஷம் முடிக்கிறாரோ?" "ஓம், ஓம், முடிக்கிறார்" என்றேன். அடுத்த கிழமை அந்த அன்ரி வீட்டு வேலியோர மரத்தை வெட்ட ஆள் கூப்பிட, நீயே போய் இறங்கினாய், உச்சந்தலையில் மரத்தூளோடு. அவ உனக்குத் தேத்தண்ணி தந்து, "தம்பி, சோதினை எப்பிடி?" என்று கேட்டாவாம். நீ வீட்டுக்கு வந்து என்னோடு கோபிக்கவில்லை. சிரித்தாய். "அம்மா, நான் மரத்தில நிக்கிறது ஒளிக்கக்கூடிய விசயமே? முழு றோட்டுக்கும் தெரியுது" என்றாய். அன்று நான் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

லொறி நோபிள் பார்க்குக்கு வந்து எங்கள் வீட்டு வாசல் பாதையில் நின்றது. பால்காரன் போத்தல்களை வைக்க இடமில்லாமல் மதில் மேல் வைத்துவிட்டுப் போனான். மூன்று வார இறுதிகள் நீயும் கிறெக்கும் அதற்குச் சாமான் பூட்டினீர்கள். பக்கவாட்டில் கருவிப் பெட்டிகள், வாள்களுக்குத் தனித் தட்டு, கயிறு சுற்ற இரும்பு வளையம், பின்னால் வெட்டிய கிளை போட உயர்த்திய பலகைச் சுவர். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டே நான் சமைத்தேன். பார்த்துக்கொண்டே எரிச்சல்பட்டேன். கருவிப் பெட்டியின் கதவை மேலிருந்து கீழே திறக்கிற மாதிரிப் பூட்டினீர்கள். மழை பெய்தால் தண்ணீர் முழுதும் உள்ளேதான். நான் வெளியே வந்து சொன்னேன். கிறெக் தலையைச் சொறிந்தான். நீ "அம்மா, தோசை கருகுது" என்றாய். அந்தக் கதவை இரண்டு கிழமைக்குப் பிறகு கழற்றி மறுபடி பூட்டினீர்கள், வாள் எல்லாம் துருப்பிடித்த பிறகு. லொறியின் இரு பக்கமும் நிலத்தில் ஊன்றுகிற இரும்புக் கால்களின் கீழே வைக்கத் தடித்த பலகை வேண்டும், ஈர மண்ணில் கால் புதையும் என்று சொன்னேன். "வின்ஸ் தந்த பலகை கிடக்கு" என்றாய். கிடந்தது உண்மை. அதை உன் அப்பா பூந்தொட்டி வைக்க எடுத்துவிட்டார் என்பது உனக்கு முதல் வேலையன்று புல்தரையில் லொறி சரிந்தபோதுதான் தெரிந்தது. ஒரு அம்மாவின் பேச்சைக் கேட்பதற்கு லொறி சரியத்தான் வேண்டுமா?

இனி நான் செய்த வேலை. ஊரில் என்றால் புது வாகனம் வாங்கியவர்கள் நேரே கோயில் வாசலுக்குக் கொண்டுபோவார்கள். ஐயர் பூசை செய்து, திருநீறு பூசி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கித்தான் வீட்டுக்கு வரும். இங்கே கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. தேசிக்காய்க்கே நான் இரண்டு கடை ஏறி இறங்கினேன். நான்கு சில்லுக்கும் வைத்தேன். நீ லொறியைப் பின்னால் எடுத்து நசுக்கினாய். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, சறுக்காமல் இருக்கவா என்று கேட்டாள். நீ ஓம் என்று சொல்லிவிட்டாய். உனக்கு அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. சில்லு ஓடுவது நிலத்தில். நீ நிற்கப் போவது முப்பத்தைந்து அடி உயரத்தில். உயரத்துக்கு யார் காவல்?

ஊரில் இருக்கிற உன் சித்திக்கு எழுதினேன். அவ ஊர்க் கோயிலில் பூசையில் வைத்த செப்புத் தகடு ஒன்றைச் சட்டைத் துணியில் சுற்றித் தபாலில் அனுப்பினா. உள்ளங்கை அளவு, கோடுகள் கீறியது. லொறிக்குள் சாரதி இருக்கைக்கு முன்னால் வைத்திருக்கலாம். ஆனால் காவல் வேண்டியது மேலே போகிறவனுக்கு அல்லவா? கூடைக்குத்தான் என்று முடிவெடுத்தேன். உன்னிடம் கேட்டால் சிரிப்பாய், கிறெக்குக்கு மொழிபெயர்த்துச் சொல்லி அவனும் சிரிப்பான். நீங்கள் இருவரும் கயிறு வாங்கப் போன ஒரு பிற்பகலில் கூடையின் அடியில் பசையால் ஒட்டினேன். பத்து நிமிடத்தில் விழுந்தது. ஒட்டியதை நம்பாதே, இறுக்கியதுதான் நிற்கும் என்று தொழிற்சாலையில் ஆறு வருடமாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்பாவின் கைத் துளைப்பானை எடுத்தேன். அளவு பார்த்து, புள்ளி குத்தி, இரண்டு துளை. சுத்தமான துளை, தம்பி. ஓரத்தில் ஒரு வெடிப்பு இல்லை. இரண்டு திருகாணியும் நட்டும். உள்ளே நட்டுகள் ரப்பர் விரிப்பின் கீழே மறைந்துபோயின. வெளியே தகட்டின் மேல் வெள்ளைப் பெயின்ற். அது கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த கூடை என்று எனக்குத் தெரியாது. ஏதோ பிளாஸ்ரிக் என்று நினைத்தேன். அந்தத் தூசி பட்டு இரண்டு நாள் கை கடித்தது. நீ கேட்டாய், "ஏனம்மா சொறியிறியள்?" மிளகாய் வெட்டினேன் என்றேன்.

பதினொரு நாள் நீ அதில் ஏறி வேலை செய்தாய். நான் பதினொரு நாளும் நிம்மதியாகத் தூங்கினேன். ஸ்பிரிங்வேலில் ஒரு வீட்டு முற்றத்து யூக்கலிப்ரஸ் மரம், அதன் கொப்புகளுக்கிடையே மின்கம்பி போகிறது என்று சொன்னாயே, அந்த மரத்தில் நீ நின்றபோது உன் காலடியில் என் செப்புத் தகடு இருந்தது.

பிறகு நகரசபை வேலைக்குக் கூடையைச் சோதிக்க வேண்டும் என்று வந்தது. தெருவோர மரங்கள் எல்லாம் கம்பிக்குக் கீழேதானே. சோதனைக்கு முதல் நாள் மாலை கிறெக் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பார்கள் என்று நீ அப்பாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாய்.

"கூடையில ஒரு குண்டூசி இருந்தாலும் பாஸ் பண்ண மாட்டாங்கள் அப்பா."

"ஏன், குண்டூசி என்ன செய்யும்?"

"கரண்ட் கடத்தும். கூடையில உலோகம் இல்லாததுதான் எங்களுக்குக் காவல். இருந்தா நான் கருவாடு."

"கருவாடு இல்லையடா, நீ நெத்தலி" என்றார் அப்பா. கிறெக்குக்கு அதை மொழிபெயர்த்தாய். மூவரும் சிரித்தீர்கள். என் கையிலிருந்த அகப்பை சாம்பாருக்குள் விழுந்தது. "அம்மா, என்ன?" என்றாய். "சூடு" என்றேன்.

நீ குளிக்கப் போனாய். அப்பா கிறெக்குக்கு ஊர்ப் படங்கள் காட்டிக்கொண்டிருந்தார். நான் குப்பை கொட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய், திருகாணிகளைக் கழற்றி, தகட்டை எடுத்து, கார்களின் நெளிவு அடைக்கிற பசையால் துளைகளை மேலும் கீழும் அடைத்து, பெயின்ற் அடித்தேன். அப்போதே உள்ளே வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தொழிற்சாலையில் தவறான இடத்தில் துளை விழுந்தால் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்: அடைத்து, தேய்த்து, நிறம் பூசி, பெட்டியில் போட்டு அனுப்புகிறோம். யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அடைத்த துளை துளையே இல்லை என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது.

சோதிக்கிறவன் விரிப்பை எடுத்தான், டோர்ச் அடித்தான், நகத்தால் சுரண்டினான், பசை உதிர்ந்தது. இவ்வளவுதான். ஓட்டை போட்டு அடைத்த கூடை கம்பிக்குக் கிட்டவே போகக்கூடாது என்று எழுதிக் கையில் தந்துவிட்டான். நீ வீட்டுக்கு வந்து தொப்பியைக் கதிரையில் எறிந்து, "வின்ஸ் எங்களை ஏமாத்திப் போட்டான்" என்றாய்.

"நான் அப்பவே சொன்னனான், வெள்ளைக்காரனை நம்பாதை எண்டு."

"அவன் வெள்ளைக்காரன் இல்லை அப்பா, இத்தாலிக்காரன்."

"அப்ப பழுப்பு வெள்ளை."

நான் சிரிக்கவில்லை. நீ தொலைபேசியை எடுத்து அவருக்கு அடித்தாய். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அவர் குரல் உடைந்தது கேட்டது. செத்துப்போன மனைவி பெயரில் சத்தியம் செய்தாராம், அந்தக் கூடையில் தான் ஒரு ஊசி கூடக் குத்தவில்லை என்று. நீ முழுவதும் கேட்காமல் வைத்துவிட்டாய். அடுத்த நாள் வாள் தீட்டுகிற கடையில், மரவேலைக்காரர்கள் எல்லோரும் கூடுகிற இடத்தில், அவர் பெயரைச் சொல்லி, அழுகின கூடையை விற்கிறான், கவனம் என்று சொல்லிவிட்டு வந்தாய். முப்பது வருடம் அந்த மனிதர் இந்தத் தொழிலில் சேர்த்து வைத்தது அந்த ஒரு பெயர்தான். அதை நீ ஒரு பிற்பகலில் உடைத்தாய். உன் கையில் சுத்தியலைக் கொடுத்தவள் நான். இருந்தும் சொல்கிறேன், நீ உடைத்தாய். இரண்டையும் நீ சேர்த்தே வைத்துக்கொள்.

என் மேல் கோபிக்க உனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் என் கோபத்தையும் கேள். லொறி வாங்கி, பூட்டி, வேலைக்கு இறக்கிய அத்தனை நாளிலும் நீ ஒரு தரம், ஒரே ஒரு தரம், "அம்மா, இந்தக் கூடை ஏன் இப்பிடிச் செய்திருக்கு தெரியுமோ? இதில ஒண்டும் பூட்டக் கூடாது" என்று சொல்லியிருந்தால் நான் அதைத் தொட்டிருப்பேனா? கிறெக்குக்குச் சொன்னாய். அப்பாவுக்குச் சொன்னாய், அவர் நெத்தலி என்றார். துளைப்பான் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்கு மட்டும் சொல்லவில்லை. நீயும் கல்யாணம் செய்வாய், உனக்கும் பிள்ளைகள் வரும், உன் வேலைக்கு நாளைக்கு நான்கு பேர் வருவார்கள். உனக்காகப் பயப்படுகிற, உன் மேல் அன்புள்ளவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், அவர்கள் தாங்களாக ஏதாவது செய்வார்கள். நல்ல மனதோடுதான் செய்வார்கள். அதுதான் மோசம்.

அந்தக் கூடையை ஒட்டவோ அடைக்கவோ பார்க்காதே. கிறெக் மறுபடி பசை பூசிப் பார்க்கலாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவனுக்கும் விசர். புதுக் கூடை வரும்வரை கம்பி இல்லாத மரங்களுக்குக்கூட அதில் ஏறாதே. ஏணியும் கயிறும் போதும். புதுக் கூடைக்கு என்ன வழி என்பதை அப்பாவோடு நான் பேசிக்கொள்கிறேன். அவருக்கும் இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டு. கிறெக்குக்கு இங்கிலீசில் சொல்லு, ஒன்றையும் விடாமல். வாள் தீட்டுகிற கடையிலும் போய்ச் சொல்லு, முதலில் சொன்ன அதே சத்தத்தில். "எங்கட அம்மா ஒரு விசர் வேலை பார்த்துப்போட்டா" என்று நீ சொன்னால் எனக்குக் குறைச்சல் இல்லை. சிரித்துக்கொண்டு சொன்னாலும் பரவாயில்லை. ஆனால் சொல்லு.

சனிக்கிழமை ஓவர்ரைம் வேண்டாம் என்று மேற்பார்வைக்காரியிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். ஃபுட்ஸ்கிரேயில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். இங்கிலீசில் எப்படிச் சொல்வது என்று அவளிடமே கேட்டு, ஒரு துண்டில் எழுதி வாங்கிப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன். நான்கு வசனம்தான். மூன்றாவதில் கொஞ்சம் தடக்குகிறது.

இந்த முறை காருக்குள் இருக்கச் சொல்லாதே. அங்கே சேறு இருந்தால் என் கால் சேறாகட்டும். அவர் வீட்டுக் கதவை நான் தட்டுவேன். திறந்ததும் உன்னைக் கண்டால் அவர் முகம் மாறும். அதனால் நீ எனக்குப் பின்னால் நில், நான் நான்காவது வசனத்தை முடிக்கும்வரை வாய் திறக்காமல்.